தாளமும் சூழலிசையும்: அகிரா யமாவோகாவின் இசை எழுப்பும் கேள்வி

## கேள்வி

கோனாமி நிறுவனம் 1999-இல் வெளியிட்ட ‘சைலன்ட் ஹில்’ என்ற வீடியோ கேமுக்கு ஜப்பானிய இசையமைப்பாளர் அகிரா யமாவோகா அமைத்த இசையில் இரண்டு இயல்புகள் ஒருங்கே காணப்படுகின்றன. ஒன்று, மெட்டு என்று எதையும் பிடித்துக்கொள்ள விடாமல், பனிமூட்டம்போல இடத்தின் மேல் படரும் ஒலிப்பரப்பு. மற்றொன்று, தகரத்தை யாரோ தட்டுவது போலவும் துருப்பிடித்த இயந்திரம் ஓடுவது போலவும் திரும்பத் திரும்ப விழும் அடி. முதல் இயல்பைக் கருதுவோர் இதை ஆம்பியன்ட் இசை, அதாவது சூழலிசை என்கிறார்கள். இரண்டாவது இயல்பைக் கருதுவோர் அந்தப் பெயர் பொருந்தாது என்கிறார்கள்.

யமாவோகாவுக்கு முன்பே இருந்த கேள்வி இது. தாளம் கேட்பவரின் கவனத்தைக் கட்டி இழுக்கும் தன்மையுடையது. சூழலிசையோ கவனத்தைக் கோராமல் பின்னணியில் நிற்பது. இரண்டும் ஒரே இசையில் எப்படிச் சேர முடியும்? இதற்குத் தரப்பட்ட விடைகளை, அவை எதை முதன்மைப்படுத்துகின்றன என்பதைக் கொண்டு ஐந்தாகப் பிரிக்கலாம்: இசைவகை, கருவியின் வரம்பு, இடம், உடல், பண்பாடு. அவற்றைப் பரிசீலிக்கும் முன், தாளத்துக்கும் சூழலிசைக்கும் இடையே பகை உண்டு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

## பின்னணி இசையின் வரலாற்றில் தாளம்

பின்னணியில் ஒலிப்பதற்கென்றே எழுதப்பட்ட இசைக்கு அடிக்கடி காட்டப்படும் முன்னோடி, பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சத்தீயின் ‘அறைகலன் இசை’. நாற்காலி, மேசைபோல அறையில் கவனிக்கப்படாமல் இருக்க வேண்டிய இசை என்பது அவர் கருத்து. 1917 முதல் அவர் இத்தகைய துணுக்குகளை எழுதினார். 1920-இல் பாரிஸில் டாரியுஸ் மியோவுடன் சேர்ந்து அவற்றை ஒலிக்கச் செய்தபோது, கூடியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்கள். பேசிக்கொண்டே இருக்கும்படி சத்தீ அவர்களைத் தூண்ட வேண்டியிருந்தது. இந்தத் துணுக்குகள் குறுகிய சொற்றொடர்களைத் திட்டமான தாளத்தில் மீண்டும் மீண்டும் வாசிப்பவை. பின்னணி இசையின் தொடக்கத்தில் தாளம் விலக்கப்படவில்லை.

அடுத்த கட்டம் வணிகம் சார்ந்தது. அமெரிக்காவில் 1930-களில் உருவான முசாக் நிறுவனம் கடைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் கம்பி வழியாக இசையை அனுப்பியது. அது பின்னர் வகுத்த முறையில், இசை 15 நிமிடத் தொகுதிகளாக அடுக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதியிலும் விறுவிறுப்பு படிப்படியாகக் கூட்டப்பட்டது. உழைப்பவரின் சோர்வைக் குறைத்து வேகத்தைத் தக்கவைப்பது நோக்கம். இங்கே தாளம் மறைமுகமான மேற்பார்வையாளரின் வேலையைச் செய்தது.

பிரையன் ஈனோ 1978-இல் வெளியிட்ட ‘ஆம்பியன்ட் 1: மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ இந்த வணிக மரபுக்கு மறுப்பாக எழுந்தது. கவனித்தால் சுவை தர வேண்டும், கவனிக்காவிட்டாலும் இடைஞ்சல் செய்யக் கூடாது என்பது அதன் உறையில் அவர் முன்வைத்த அளவுகோலின் சாரம். முசாக் சுறுசுறுப்பூட்ட முயன்றது. ஈனோ அமைதியையும் சிந்திக்க இடத்தையும் தர விரும்பினார். ஆகவே விறுவிறுப்பின் அடையாளமான தாளத்தை அவருடைய இசை விலக்கியது. தாளமற்றதே சூழலிசை என்ற பொதுக்கருத்துக்கு இந்த வரலாற்றுச் சூழல் ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம். ஆனால் ஈனோவின் வரையறை கேட்கும் முறையைப் பற்றியது. தாளம் கூடாது என்ற விதி அதில் இல்லை.

அந்த வரையறையின் நெகிழ்ச்சி 1990-களில் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் நடனக்கூடங்களில் களைத்தவர்கள் ஓய்வெடுக்கும் அறைகளுக்கென உருவான இசையும் ஆம்பியன்ட் எனப்பட்டது. தி ஆர்ப் குழுவின் இசையிலும், 1992-இல் வந்த ஏஃபெக்ஸ் ட்வினின் ‘செலக்டட் ஆம்பியன்ட் வர்க்ஸ் 85–92’ தொகுப்பிலும் தாளம் தெளிவாகவே உண்டு. யமாவோகா சைலன்ட் ஹில்லுக்கு இசையமைத்த காலத்தில், தாளமுள்ள ஆம்பியன்ட் வழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகள் கடந்திருந்தன.

## ஜப்பானியக் களம்

ஜப்பானில் சூழலிசைக்கு ‘கன்க்யோ ஒங்காகு’ என்ற பெயர் நிலைத்தது. சத்தீ, ஈனோ ஆகியோரின் இசை அங்கே ஆர்வத்துடன் வரவேற்கப்பட்டது. சதோஷி அஷிகாவாவின் ‘ஸ்டில் வே’, ஹிரோஷி யோஷிமுராவின் ‘மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்’ இரண்டும் 1982-இல் வெளிவந்தன. யோஷிமுராவின் தொகுப்பு டோக்கியோவின் ஹரா நவீன கலை அருங்காட்சியகத்தில் ஒலிக்கப்பட்டது. முஜி கடைகளுக்கென ஹருவோமி ஹோசோனோ இசை அமைத்ததும் அந்தப் பத்தாண்டில்தான். கட்டடம், கடை, காட்சிக்கூடம் என ஓர் இடத்துக்காக இசை செய்வது அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்தது. யோஷிமுராவின் மின்பியானோத் துணுக்குகளில் முரசு இல்லை. ஆனால் குறுகிய சொற்றொடர்கள் சீராகத் திரும்பி வருவதால் ஒரு மென்துடிப்பு காதில் படுகிறது.

வீடியோ கேம் துறையில் இதற்கு இணையான முயற்சி, நிண்டெண்டோவில் பணியாற்றிய ஹிரோகாஸு தனாகா 1986-இல் ‘மெட்ராய்டு’ விளையாட்டுக்குச் செய்த இசை. அன்றைய விளையாட்டுகளில் துள்ளலான மெட்டுகளே வழக்கம். நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியில் சதுர அலைக்கு இரண்டு, முக்கோண அலைக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, பதிவுசெய்த ஒலித்துண்டுக்கு ஒன்று என ஐந்து தடங்கள் மட்டுமே இருந்தன. தனாகா இசை எது, விளையாட்டின் ஒலிக்குறிப்பு எது என்று ஆடுபவர் பிரித்தறிய முடியாத நிலையை நாடினார். விளையாட்டை ஓர் உயிருள்ள பொருளாக உணரச் செய்வது அவர் எண்ணம். கடைசிப் பகைவரை வென்ற பிறகுதான் முழுமையான மெட்டு வர வேண்டும் என்றும் அவர் திட்டமிட்டார். ரெக்கே, டப் இசைகளில் தோய்ந்தவர் அவர். ஒலியை எடுத்துவிட்டு வெற்றிடத்தைப் பேசவைக்கும் டப் முறையை அவருடைய ஆட்ட இசையில் உணரலாம். யமாவோகாவுக்கு 13 ஆண்டுகள் முன்பே இசைக்கும் ஓசைக்கும் நடுவிலான சுவர் இவ்வாறு தட்டிப் பார்க்கப்பட்டது.

## யமாவோகாவின் இசைமொழி

நிகாட்டாவில் 1968-இல் பிறந்த யமாவோகா, கலைக் கல்லூரியில் பொருள் வடிவமைப்பும் உள்ளரங்க வடிவமைப்பும் படித்தவர். 1993-இல் கோனாமியில் சேர்ந்தார். தாளத்தைத் தவறாமல் பிடிப்பதே ஆட்டமாக அமைந்த பீட்மேனியா வரிசைக்கும் அவர் இசை தந்திருக்கிறார். சைலன்ட் ஹில்லுக்கு முதலில் அமர்த்தப்பட்ட இசையமைப்பாளர் விலகியபோது, அந்தப் பணியை அவரே கேட்டுப் பெற்றார். இசையோடு ஒலிக்குறிப்புகளும் இறுதி ஒலிக்கலவையும் அவர் பொறுப்பில் இருந்தன. குளிர்ச்சியும் துருவும் உணரப்படும் இசையை அவர் தேடினார். முதல் ஒலிப்பதிவைக் கேட்ட சக பணியாளர்கள் விளையாட்டின் நிரலில் ஏதோ பிழை என்று நினைத்தார்கள். வேண்டுமென்றே செய்தது என்று அவர் காரணங்களை விளக்கிய பின்னரே எதிர்ப்பு அடங்கியது.

அவருடைய இசையை மூன்று அடுக்குகளாகக் கேட்கலாம். அடியில், இடைவிடாத கீழ்ச்சுருதியும் இரைச்சலும். நடுவில், உலோகத் தட்டல், இயந்திர முனகல், மங்கலான முரசு ஆகியவற்றின் குறுஞ்சுழற்சி. மேலே, அரிதாக வரும் மெட்டு. 1999-ஆம் ஆண்டு விளையாட்டின் தொடக்க இசையில் மாண்டலின் ஒரு சோகமான மெட்டை வாசிக்க, கீழே மந்தமான முரசு நடக்கிறது. 2001-இல் வந்த இரண்டாம் விளையாட்டின் ‘தீம் ஆஃப் லாரா’ கிதாரும் முரசும் கொண்ட முழு வடிவப் பாட்டு. அதே விளையாட்டில் மதுக்கூடம் ஒன்றுக்கான ‘ஹெவன்ஸ் நைட்’ தாளத்தில் தளர்ந்து அசைகிறது. ‘பிராமிஸ்’ பியானோ வடிவத்தில் முரசே இல்லை. தாளமில்லாத தடம், தாளம் நிழலாக இருக்கும் தடம், தாளமே முதன்மையான தடம் எனப் பல நிலைகள் ஒரே படைப்பில் வருகின்றன. எந்தத் தடத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோமோ, விடையும் அதற்கேற்ப மாறுகிறது. விவாதத்தின் குழப்பத்தில் ஒரு பகுதி இங்கிருந்து வருகிறது.

## முதல் நிலைப்பாடு: இது வேறு இசைவகை

யமாவோகாவின் இசை சூழலிசையே அல்ல, இண்டஸ்ட்ரியல் இசையும் டிரிப்-ஹாப்பும் கலந்தது என்பது முதல் நிலைப்பாடு. இதற்கு வலுவான சான்றுகள் உண்டு. த்ராபிங் கிரிசில் குழு 1976-இல் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸும், 1980-இல் பெர்லினில் உருவாகி உலோகத் தகடுகளையும் துளையிடும் எந்திரங்களையும் வாத்தியமாக்கிய ஐன்ஸ்டூர்ட்ஸெண்டே நொய்பாவுட்டனும் வகுத்த வழி அவர் இசையில் தெரிகிறது. 1990-களின் பிரிஸ்டல் நகரத்தில் மாஸிவ் அட்டாக், போர்ட்டிஸ்ஹெட் குழுக்கள் வளர்த்த டிரிப்-ஹாப்பின் மந்தகதி முரசும் சோக நிறமும் அவ்வாறே. ‘ட்வின் பீக்ஸ்’ தொடருக்கு இசையமைத்த ஆஞ்சலோ படலமென்டியின் தாக்கத்தை யமாவோகாவே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஆனால் வகைப்பெயர் ஒலி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும். எப்படிப் பயன்படுகிறது என்பதைச் சொல்லாது. இண்டஸ்ட்ரியல் இசை மேடையிலும் இசைத்தட்டிலும் கேட்பவரை நேருக்கு நேர் தாக்குகிறது. சைலன்ட் ஹில்லில் அதே உலோக ஓசை சுவருக்கு அப்பால் கேட்பதுபோலப் பின்வாங்கி நிற்கிறது. ஆடுபவர் வரைபடம் பார்க்கிறார், பூட்டிய கதவைத் திறந்து பார்க்கிறார், புதிருக்கு விடை தேடுகிறார். இசை அந்த வேலைகளுக்கு அடியில் ஓடுகிறது. ஈனோவின் அளவுகோல் கேட்கும் முறையைப் பற்றியது என்றால், ஒலியின் பூர்வீகத்தை மட்டும் காட்டி இந்த இசையை விலக்க முடியாது.

## இரண்டாம் நிலைப்பாடு: கருவியின் வரம்பு தந்த தாளம்

இரண்டாவது நிலைப்பாடு தொழில்நுட்பத்திலிருந்து தொடங்குகிறது. முதல் பிளேஸ்டேஷனில் ஒலிக்கென ஒதுக்கப்பட்ட நினைவகம் 512 கிலோபைட். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய தடங்கள் 24. நீண்ட ஒலிப்பதிவுகளுக்கு அதில் இடம் இல்லை. குறுந்துண்டுகளையே திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். தவிர, ஆடுபவர் ஓர் அறையில் அரை நிமிடம் இருப்பாரா, அரை மணி நேரம் இருப்பாரா என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ‘கேம் சவுண்ட்’ (2008) என்ற நூலில் கேரன் காலின்ஸ் விளக்குவதுபோல, விளையாட்டு இசையின் வடிவத்தை இத்தகைய கட்டுப்பாடுகளிலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம்.

எந்த ஓசையும் குறுகிய இடைவெளியில் திரும்பினால் தாளமாகிவிடும். பியேர் ஷாஃபர் 1948-இல் ரயில் ஓசைகளை வைத்துச் செய்த ஆய்வுகளிலும், இசைத்தட்டின் பள்ளத்தை மூடிய வட்டமாக்கி ஓசையை அதிலேயே சுழலவிட்ட முறையிலும் இது தெளிவாயிற்று. இந்தக் கோணத்தில், யமாவோகாவின் தாளம் இரைச்சலைச் சுழற்றியதால் பிறந்த விளைவு. பனிமூட்டத்தால் தொலைவிலுள்ள காட்சியை மறைத்து அந்தக் கருவியின் வரைகலைப் பலவீனத்தைச் சமாளித்தது போன்றதே ஒலியிலும் நடந்தது என்பார்கள்.

இந்த விளக்கம் பயனுள்ளது, ஆனால் போதாது. 2001-இல் வந்த இரண்டாம் விளையாட்டு பிளேஸ்டேஷன் 2-இல் ஓடியது. அதில் ஒலி நினைவகம் 2 மெகாபைட்டாக உயர்ந்திருந்தது, நீண்ட இசையை வட்டிலிருந்தே ஓடவிடவும் முடிந்தது. அப்போதும் குறுஞ்சுழற்சிகள் மறையவில்லை. 2024-இல் ப்ளூபர் டீம் அதே விளையாட்டை மறுபடி உருவாக்கியபோது யமாவோகா இசைக்குத் திரும்பினார். நினைவகப் பஞ்சமே இல்லாத காலத்திலும் அந்த ஒலிமொழியின் சாயல் தொடர்ந்தது. அதே முதல் பிளேஸ்டேஷனில் வேறு பல திகில் விளையாட்டுகள் வேறுவிதமான இசையோடு வந்தன. வரம்பு ஒரு வாசலைத் திறந்திருக்கலாம். அதற்குள் நுழைந்து அங்கேயே தங்கியது கலைஞரின் தேர்வு.

## மூன்றாம் நிலைப்பாடு: இடத்தின் ஓசை

மூன்றாவது நிலைப்பாட்டின்படி, இந்த அடிகளை இசைத் தாளமாகக் கேட்பதே தவறு. அவை இடம் எழுப்பும் ஓசைகள். சைலன்ட் ஹில்லில் நகரம் அவ்வப்போது மறுவுலகமாக மாறுகிறது. தரை கம்பிவலையாகிறது, சுவர் துருவேறுகிறது. மாற்றத்தைச் சங்கொலி அறிவிக்கிறது. கதைநாயகரின் கையிலுள்ள வானொலி, கோரப் பிறவிகள் நெருங்கும்போது இரைகிறது. இப்படிப்பட்ட உலகில் ஓர் உலோகத் தட்டல் கேட்டால், அது பின்னணி இசையின் முரசா, அடுத்த அறையில் ஏதேனும் அசைகிறதா என்று தீர்மானிக்க முடிவதில்லை. ஓசைக்கான காரணம் கண்ணுக்குத் தெரியாதபோது அது பெறும் ஆற்றலைப் பற்றி ஷாஃபரும், அவரைத் தொடர்ந்து திரைப்பட ஒலியை ஆராய்ந்த மிஷேல் ஷியோனும் எழுதியவை இங்கே துணைக்கு வருகின்றன.

விளையாட்டு இசை ஆய்வில் இந்த விளையாட்டு திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுவதும் இதனால்தான். ஸாக் வேலன் 2004-இல் எழுதிய கட்டுரை, ஆடுபவரை விளையாட்டுக்குள் இருத்துவதிலும் முன்னே தள்ளுவதிலும் இசைக்குள்ள பங்கை ஆராயும்போது சைலன்ட் ஹில்லை எடுத்துக்காட்டாகக் கொண்டது. வில்லியம் செங், இந்த விளையாட்டில் ஓசையும் இசையும் அச்சமும் பின்னிக் கிடப்பதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார். தாளம் இடத்தின் பகுதியாகிவிட்டால் தாளத்துக்கும் சூழலுக்கும் முரண் இல்லை; சூழலே துடிக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இதன் பலவீனம் இரண்டு. முதலாவது, முதல் விளையாட்டுக்கு இசையமைத்தபோது யமாவோகா காட்சிகளைப் பார்த்து அமைக்கவில்லை. படத்தைச் சாராமல் தனியாகவே இசையை உருவாக்கினார் என்பது பதிவாகியிருக்கிறது. இசை இடத்திலிருந்து பிறந்தது என்பதைவிட, கேட்பவர் காதில் இடத்தோடு ஒட்டிக்கொண்டது என்பதே பொருத்தம். இரண்டாவது, மாண்டலின் மெட்டுக்கும் ‘தீம் ஆஃப் லாரா’வுக்கும் இந்த விளக்கம் பொருந்தாது. அவை வெளிப்படையாகவே இசை. எந்தச் சுவருக்குப் பின்னாலும் அவற்றை ஒளித்துவைக்க இயலாது.

## நான்காம் நிலைப்பாடு: உடலின் துடிப்பு

நான்காவது நிலைப்பாடு கேட்பவரின் உடலை நோக்கித் திரும்புகிறது. சீரான அடியைக் கேட்கும் மனிதர் அடுத்த அடியை எதிர்பார்க்கத் தொடங்குகிறார். கால் அசைகிறது, தலை ஆடுகிறது. திகிலின் மூலப்பொருளும் எதிர்பார்ப்பே. சைலன்ட் ஹில் பற்றித் தனி நூல் (2012) எழுதிய பெர்னார் பெரோன், அந்த விளையாட்டை அச்சத்தை உற்பத்தி செய்யும் எந்திரமாகவே அணுகினார். தாளம் உடலைத் தயார்நிலையில் வைக்கிறது, மேலே படர்ந்த ஒலிமூட்டம் எதற்காகத் தயாராக வேண்டும் என்பதைச் சொல்லாமல் மறைக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் பதற்றம் நீடிக்கும் என்பது இந்த வாதத்தின் சாரம்.

இதில் கவனிக்கத் தக்க இன்னொரு கூறு உண்டு. ஆடுபவரும் தாளம் எழுப்புகிறார். கதைமாந்தர் நடக்கும்போதும் ஓடும்போதும் காலடி ஓசை எழுகிறது. தரை மாறினால் ஓசையும் மாறுகிறது. மௌனத்தைத் தேர்ந்து வைப்பதும் ஒலியை உருவாக்கும் ஒரு வழியே என்று யமாவோகா கருதினார். இசை நின்றுவிடும் நீண்ட தாழ்வாரங்களில் காலடியே ஒரே தாளம். இசை மீண்டும் தொடங்கும்போது, பின்னணியின் அடியும் காலடியும் பொருந்தாமல் ஒன்றையொன்று உரசுகின்றன. நடன இசையில் தாளம் உடலோடு இணைகிறது. இங்கே உடலுக்குக் குறுக்கே ஓடுகிறது.

பலவீனம் சான்றில் இருக்கிறது. தாளத்தோடு உடல் இசைவதைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி, எளிய ஒலிகளை ஆய்வகத்தில் கேட்பவர்களைக் கொண்டு நடத்தப்பட்டது. கையில் ஆட்டக் கட்டுப்பாட்டுக் கருவியோடு, திரையில் கண் பதித்து, பயத்தில் இருப்பவரிடம் அதே விளைவு அதே அளவில் ஏற்படும் என்று எளிதாக முடிவுகட்ட இயலாது. பலமுறை ஆடியவருக்கு அதே இசை ஆறுதலாகவும் ஆகிவிடுகிறது. அச்சம் ஒலியின் அமைப்பில் மட்டும் குடியிருந்தால் அப்படி மாறக் காரணம் இல்லை.

## ஐந்தாம் நிலைப்பாடு: பண்பாட்டின் வேர்

ஜப்பானிய அழகியலில் ‘மா’ எனப்படும் இடைவெளி உணர்வைக் கொண்டு இந்த இசையை விளக்குவோரும் உண்டு. இரண்டு ஒலிகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடமும் பொருள் நிறைந்தது என்ற இந்தக் கருத்தை, தோரு தகெமிட்சு போன்ற இசையமைப்பாளர்கள் உலக அரங்கில் அறியச் செய்தார்கள். யமாவோகா மௌனத்துக்குத் தந்த மதிப்பை அதோடு இணைப்பது இயல்பாகவே தோன்றும்.

ஆயினும் இதைப் பொது விளக்கமாக ஏற்பதில் தயக்கம் தேவை. அவர் பெயர் சொல்லும் ஆதர்சங்களில் படலமென்டி போன்ற மேற்கத்தியர் முன்னிற்கிறார்கள். விளையாட்டின் களமும் அமெரிக்கச் சிறுநகரம். ஸ்டீபன் கிங்கின் ‘தி மிஸ்ட்’ கதையும் 1990-இல் வந்த ‘ஜேக்கப்ஸ் லேடர்’ படமும் அதன் உருவாக்கத்தில் பங்குபெற்றவை. பால் ரொக்கே ‘ஆம்பியன்ட் மீடியா’ (2016) நூலில் வேறொரு பாதையைக் காட்டுகிறார். அவர் ஜப்பானியச் சூழலிசையை நவீன நகரவாழ்வில் மனநிலையைச் சீர்படுத்திக்கொள்ளும் ஒரு சாதனமாக ஆராய்ந்தார். அந்த வழியில் பார்த்தால், யமாவோகாவும் யோஷிமுராவும் எதிரெதிர்த் திசைகளில் ஒரே வேலையைச் செய்தவர்கள்: ஒருவர் இடத்தை ஒலியால் அமைதியாக்கினார், மற்றவர் இடத்தை ஒலியால் குலைத்தார். இருவருக்கும் பொதுவானது, மனநிலையை மெட்டின் வழியாக அல்லாமல் சூழலின் வழியாகத் தொடுவது. ஆழ்ந்த மரபைத் தேடுவதைவிட இந்த அண்மை வரலாறு உறுதியான நிலத்தில் நிற்கிறது.

## சுழற்சியின் நீளம்

ஐந்து நிலைப்பாடுகளும் தாளத்தை ஒரே பொருளாகக் கொள்கின்றன. அதைப் பிரித்துப் பார்த்தால் முரண் பெருமளவு தளர்கிறது. சீராக விழும் துடிப்பு ஒன்று; அந்தத் துடிப்புகளை எண்ணிக் கட்டும் ஆவர்த்தனம் வேறு; அந்த ஆவர்த்தனத்தின் தொடக்கமான சமம் எங்கே என்று கேட்பவர் உணர்வது இன்னும் வேறு.

ஈனோவின் 1978-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் சுழற்சி உண்டு. அதன் இரண்டாவது தடத்தில் பாடப்பட்ட ஒற்றைச் சுரங்கள் தனித்தனி நாடாச் சுழல்களில், ஒவ்வொன்றும் பல விநாடிகள் கொண்ட வெவ்வேறு நீளத்தில் திரும்பி வருகின்றன. அவை தாளமாகக் கேட்பதில்லை. காரணம் காதின் வரம்பு. பால் ஃப்ரெஸ் முதலிய உளவியலாளர்கள் காட்டியபடி, இரண்டு ஒலிகளின் இடைவெளி ஏறத்தாழ 2 விநாடியை நெருங்கும்போது அவற்றை ஒரே ஓட்டமாக இணைக்கும் திறன் தேய்ந்துபோகிறது. அதற்கு மேல் அவை தனித்தனி நிகழ்ச்சிகள். ஆகவே ஈனோவின் சூழலிசைக்கும் யமாவோகாவின் தாளத்துக்கும் அடிப்படை உத்தி ஒன்றே: சுழற்சி. வேறுபாடு பெரும்பாலும் சுழற்சியின் நீளத்தில் இருக்கிறது.

யமாவோகாவின் பல தடங்கள் இந்த எல்லைக்கு அருகே நடமாடுகின்றன. சில இடங்களில் அடிகள் தாளமாகக் கோர்க்கும் அளவு நெருங்குகின்றன. சில இடங்களில் பிரிந்து தனி ஓசையாகின்றன. நெருங்கி விழும்போதும், சமத்தைக் காட்டும் அழுத்தம் இரைச்சலில் மூழ்கிவிடுவதால் எண்ணிக்கை பிடிபடுவதில்லை. துடிப்பு இருக்கிறது, ஆவர்த்தனம் ஊகமாக நிற்கிறது, சமம் மறைந்திருக்கிறது. கைதட்டித் தொடர முடியாத தாளம் கவனத்தை முழுதாகக் கட்டுவதில்லை, முழுதாக விடுவதும் இல்லை. ஓர் இடம் துடிப்பதாகத் தோன்றுவதற்கும் ஒரு பாட்டு ஓடுவதாகத் தோன்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வாறு விளக்கலாம். சமம் தெளிவாகக் கேட்கும் ‘தீம் ஆஃப் லாரா’வை யாரும் சூழலிசை என்று சொல்லாததும் இதோடு ஒத்துப்போகிறது.

## மதிப்பீடும் திறந்த கேள்விகளும்

இதுவரை கண்டவற்றிலிருந்து சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். தாளமும் சூழலிசையும் இயல்பிலேயே பகையானவை என்ற கருத்துக்கு வரலாறு துணைநிற்கவில்லை. சத்தீயின் துணுக்குகளும் 1990-களின் இசையும் அதற்கு எதிரான சாட்சிகள். யமாவோகாவின் பாணியை இசைவகை, நினைவகம், இடம், உடல், பண்பாடு என்ற எந்த ஒன்றாலும் முழுமையாக விளக்க இயலவில்லை. ஒவ்வொன்றும் சில தடங்களுக்கு நன்றாகவும் வேறு சிலவற்றுக்கு மோசமாகவும் பொருந்துகிறது. ‘தாளச் சூழலிசை’ என்ற பெயரை அவருடைய முழுப் படைப்புக்கும் சூட்டுவதைவிட, சமம் மறைந்த தடங்களுக்கு மட்டும் வழங்குவது துல்லியமாக இருக்கும்.

திறந்திருக்கும் கேள்விகளில் முதலாவது, படைப்பு எது என்பது. இசைத்தொகுப்பில் ஒரு தடத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. விளையாட்டில் அது ஆடுபவரின் காலடி, வானொலி இரைச்சல், கதவொலி ஆகியவற்றோடு கலந்து ஒவ்வொரு முறையும் வேறாக ஒலிக்கிறது. ஆய்வுகள் இவற்றில் எதைப் பற்றிப் பேசுகின்றன என்பதைத் தெளிவாக்கினாலே சில சச்சரவுகள் தீரக்கூடும். இரண்டாவது, பயன்பாட்டின் மாற்றம். சைலன்ட் ஹில் இசையை யமாவோகா கச்சேரி மேடைகளில் வாசிக்கிறார். விளையாட்டையே ஆடாதவர்களும் படிக்கும்போதும் உறங்கும் முன்னும் அதைக் கேட்கிறார்கள். அச்சத்துக்காகச் செய்த இசை அமைதிக்காகப் பயன்படும்போது, ஈனோவின் அளவுகோலை அது முன்பைவிட நன்றாக நிறைவேற்றுகிறதா என்பது ஆராயத் தக்கது. மூன்றாவது, சமம் மறைந்த துடிப்பு கவனத்தை என்ன செய்கிறது என்பதை, விளையாடிக்கொண்டிருப்பவரிடமே சோதித்துப் பார்ப்பது. அத்தகைய சோதனை சுழற்சியின் நீளம் பற்றிய விளக்கத்தை உறுதிப்படுத்தலாம், திருத்தவும் செய்யலாம். அதுவரை அந்த விளக்கத்தை, இருக்கும் சான்றுகளோடு பொருந்தும் ஒரு கருதுகோளாகக் கொள்வதே முறை.